நெருப்பு மயிலும் கருப்புச் சட்டையும்

கருப்பு உடுத்திய ஆள் படத்தில் விழமாட்டார். இருட்டில் ஷட்டரைத் திறந்துவைத்து வெளிச்சத்தால் படம் வரையும் லைட் பெயின்டிங்கில் முதல் விதி அதுதான்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள், ஃபிலிம் காலம். சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றில் போட்டோகிராபராக இருந்தேன். ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி வந்தார்.

"அண்ணாச்சி, எல்லாப் பெட்டியிலயும் வரைஞ்ச மயிலுதான் இருக்கு. எனக்கு நெருப்புலயே மயிலு வேணும்."

சீசன் ஆர்டர். முடியாது என்று சொல்ல வாய் வருமா?

விஸ்வநத்தம் பக்கம், கம்பெனி வேலிக்கு வெளியே கரிசல் காடு. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்ததும் கேமராவை ஸ்டாண்டில் பூட்டினேன். கம்பெனி ஃபோர்மேன் கருப்பசாமிக்குக் கருப்புச் சட்டை, கருப்புக் கைலி, முகத்திலும் கருப்புத் துணி. அவர் கம்பி மத்தாப்பால் அந்தரத்தில் மயில் வரைய வேண்டும். கடைசியில் தோகைக்குப் புஸ்வாணம் பற்றவைக்க வேண்டும்.

"வரைஞ்சு முடிச்சதும், ஷட்டரை மூடிட்டேன்னு நான் சொல்ற வரைக்கும் ஆடக்கூடாது, பேசக்கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டு ஷட்டரைத் திறந்தேன்.

கொண்டை, கழுத்து, உடம்பு எல்லாம் அம்சமாக வந்தது. இரண்டு புஸ்வாணம் பூத்தது. மூன்றாவது டமாரென்று வெடித்துத் தொலைத்தது.

பிறகு கும்மிருட்டு.

"கருப்பசாமி! யோவ், கருப்பசாமி!"

அவசரத்தில் எடுத்த டார்ச் கை தவறி எங்கோ உருண்டுவிட்டது. தரையைத் துழாவிக்கொண்டே போனேன். எதன்மேல் கை படுமோ என்று பயமாக இருந்தது.

லீவு நாளில் கம்பெனிப் பக்கம் வெடித்தால் எங்கள் ஊர்களில் யாரும் என்ன ஏதென்று கேட்பதில்லை; விபத்துதான் என்று முடிவுகட்டிவிடுவார்கள். தீயைக் கண்டால் விலகி ஓடிப் பழகிய ஜனம், தீ தெரிந்த திசையைப் பார்த்து ஓடி வந்தது. முதலில் வந்து என் சட்டையைப் பிடித்தவள் கருப்பசாமியின் மனைவி முத்துமாரி.

"எம் வீட்டுக்காரர் எங்கன? உங்ககூடத்தான வந்தாரு? சொல்லுங்கண்ணாச்சி!"

ஆள் போய்விட்டார் என்றே நினைத்தேன். தூரத்தில் ஊர்க்காரர்களின் டார்ச் வெளிச்சங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன.

அப்போது இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"அண்ணாச்சி, லைட்டு வருது. ஷட்டர மூடிட்டீகளா?"

பத்தடி தள்ளி மனிதர் குத்தவைத்தபடி இருந்தார். காது அடைத்துப்போய், நான் கத்தியது எதுவும் கேட்கவில்லையாம். முத்துமாரி பாய்ந்து போய் அவர் முதுகில் நாலு சாத்து சாத்தினாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள்.

"பாவி மனுசா! மயிலா முக்கியம்? உசுரோட இருக்கேன்னு ஒரு சத்தம் குடுக்கக்கூடாதா?"

அதுவரை ஷட்டரை நான் மூடவேயில்லை. ஃபிலிமைக் கழுவியபோது மயில் இருந்தது. ஓடி வந்த ஜனத்தில் ஒருவரும் விழவில்லை. கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு பேர் மட்டும் ஊர்க்காரர்களின் டார்ச் வெளிச்சத்தில் மங்கலாக விழுந்திருந்தார்கள்.

"கீழ இருக்க ரெண்டு பேர அழிச்சிரலாம்லா?" என்றார் முதலாளி.

"வேற எடுத்துத் தாரேன்" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, முதல் வேலையாக ஊருக்குள் போய், மறுபடி படம் எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்: இருட்டில் ஆளை நிறுத்துமுன் அவர் வீட்டில் சொல்லிவிடுங்கள். அன்று முத்துமாரியும் கூடவே வந்து ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"மூடிட்டேன்னு நீங்க சொல்லாதீக அண்ணாச்சி. எப்ப மூடணும்னு நான் சொல்லுதேன்."