அண்ணன் பெயரில் ஒரு வருகை

அலுவலகத்தில் அவளைப் பூட்டக்கா என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே அல்ல. அந்தத் தைரியம் அங்கே யாருக்கும் கிடையாது. குடிநீர் வாரியத்தின் கணினிகளைக் காவல் காப்பது அவள் வேலை. பாஸ்வேர்டைத் தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவைத்தவன் அவள் கண்ணில் பட்டால், அன்று அவனுக்குச் சோறு தொண்டையில் இறங்காது. அப்படிப்பட்டவள் திரையில் வரும் ஒரு பெயரைக் கண்டு சில மாதங்களாக நடுங்கிக்கொண்டிருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்?

அது அவளுடைய அண்ணன் பெயர். மலைமேல் இருக்கும் நீரேற்று நிலையத்தில் ஒரு லினக்ஸ் கணினி மோட்டார்களை ஓட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே ஆள் கிடையாது, பார்க்கத் திரைகூடக் கிடையாது. எஸ்எஸ்ஹெச் என்ற பாதை வழியாகக் கீழே இருந்தபடியே உள்ளே போய் வேலை பார்க்க வேண்டியதுதான். அந்தப் பாதையைப் போட்டவன் அண்ணன். இருவருக்கும் ஒரே அலுவலகம், ஓயாத சண்டை. அவன் எல்லாவற்றையும் திறந்து போடுகிறவன், இவள் பூட்டுகிறவள். போன மழைக்காலத்தில் வேலைக்குக் கிளம்பியவன் வீட்டுப் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவேயில்லை. அவன் வேலையும் இவள் தலையில் விழுந்தது.

அதன் பிறகுதான் கவனித்தாள். தினமும் சாயங்காலம் அண்ணன் பெயரில் யாரோ அந்தக் கணினிக்குள் வருகிறார்கள். எதையும் தொடுவதில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வெளியூர்த் திருடனாக இருந்தால் அவளுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்திருக்கும். ஒரு கை பார்த்திருப்பாள். ஆனால் வந்த முகவரி அண்ணன் வீட்டினுடையது. உயிரோடு இருந்தபோதும் அவன் அப்படித்தான், வீடு திரும்பியதும் சட்டையைக்கூட மாற்றாமல் முதலில் மோட்டாரைத்தான் எட்டிப் பார்ப்பான். இப்போது அந்த வீட்டில் இருப்பது அண்ணி மட்டும். அண்ணிக்கு டிவி ரிமோட்டே தகராறு. பேய்க்கு ஏது ஐபி முகவரி என்று தன்னையே கேலி செய்து பார்த்தாள், பயம் போகவில்லை. அண்ணியிடம் கேட்டிருக்கலாம். கேட்டு, நான் இல்லையே என்று அண்ணி சொல்லிவிட்டால்? அதனால் கேட்காமலே நாளை ஓட்டினாள்.

எத்தனை நாள் ஓட்ட முடியும்? மேலாளர் உத்தரவு போட்டுவிட்டார். இனிமேல் பாஸ்வேர்டு போட்டு யாரும் நுழையக் கூடாது, சாவி உள்ளவர்கள் மட்டுமே போகலாம், வேலையில் இல்லாதவர்களின் சாவியை எடுத்துவிட வேண்டும். சாவிக்கு இரண்டு பாதி. ஒன்று நம் லேப்டாப்பில் ரகசியமாக இருக்கும், மற்றொன்று அங்கே பதிந்திருக்கும். இரண்டும் பொருந்தினால்தான் கதவு திறக்கும்.

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாள். வேலை முடியும்வரை மோட்டார்களை நிறுத்திவைத்தாள். தன் சாவியைப் பதிந்தாள். பாஸ்வேர்டு வழியை அடைத்தாள். அண்ணன் சாவியை மட்டும் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தாள்; கை போகவில்லை. இனி, திரையில் திறந்திருக்கும் ஜன்னலை, திரும்ப ஒரு வழி வேண்டுமே என்று அப்படியே வைத்துக்கொண்டு, இன்னொரு ஜன்னலில் புதுச் சாவி வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு விதிக்காக எத்தனை பேரை வறுத்தெடுத்திருப்பாள்!

அதற்குமுன் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள். இரண்டு பெயர்கள். ஒன்று அவளுடையது. மற்றது அண்ணனுடையது, அப்போதுதான் வந்திருந்தது.

பதறிப்போய், திறந்திருந்த ஜன்னலைப் பட்டென்று மூடிவிட்டாள்.

மறுபடி நுழையப் பார்த்தால் கதவு திறக்கவில்லை. தப்பு எங்கே என்று உடனே புரிந்துவிட்டது. தன் சாவிக் கோப்பை மற்றவர்களும் திருத்தலாம் என்று உரிமையை விட்டுவைத்திருந்தாள். அப்படிப்பட்ட கோப்பை எஸ்எஸ்ஹெச் நம்பாது. மலைப்பாதை மண்சரிவில் அடைபட்டுக் கிடந்தது. மோட்டார் ஓடாவிட்டால் காலையில் ஊருக்குக் குழாயில் தண்ணீர் வராது. உள்ளே போகக்கூடிய ஒரே சாவி செத்துப்போன அண்ணனுடையது.

வேறு வழியில்லாமல் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி கதவைத் திறந்துவிட்டு, வந்த காரணத்தைக்கூடக் கேட்காமல் படுக்கையறைக்குத் திரும்பிப் போனாள். கட்டிலில் அண்ணன் படுக்கும் பக்கம் அவனுடைய லேப்டாப் திறந்திருந்தது. கறுப்புத் திரையில், உள்ளே வருகிறவர்களுக்காக அவன் எழுதிவைத்த வரிகள். அலுவலகத்தில் இவள் திட்டித் தீர்த்த அதே வரிகள்: வந்தவங்க வாங்க. எதையும் நோண்டாதீங்க. போறப்ப சொல்லிட்டுப் போங்க.

மழையில் தான் வர நேரமானால், மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்ல அண்ணிக்கு அண்ணன்தான் கற்றுக்கொடுத்தானாம். ஒரே ஒரு வரி தட்டினால் போதுமாம். வெளியே வர எக்ஸிட் என்று அடிக்க வேண்டுமாம், அதுதான் சொல்லிட்டுப் போறதாம்.

"அன்னிக்குக் காலையில அவர் சொல்லிக்காமப் போயிட்டார்," என்றாள் அண்ணி. "அதான் நான் தினம் வந்து, சொல்லிட்டுப் போறேன்."

பூட்டக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். லேப்டாப்பை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அண்ணன் பெயரில் எல்லா உரிமையும் இருந்தது, அதுவும் பாஸ்வேர்டு கேட்காமல். அதற்காகவும் அவனோடு சண்டை போட்டிருக்கிறாள். தன் கோப்பைச் சரிசெய்தாள். மோட்டார்களை ஓடவிட்டாள். அப்புறம், அண்ணன் சாவியை எடுத்தாக வேண்டும், எடுத்துவிட்டால் நாளைக்கு இந்த வழியாக உள்ளே போக முடியாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப உள்ள இருக்கேனே, அது?"

"இருக்கிறவங்களை அது வெளியே தள்ளாது, அண்ணி. நீங்களா வெளியே வந்தாதான். இல்ல கரண்ட்டு, நெட்டு ஏதாவது போனா."

"சரி, எடுத்துக்கோ," என்றாள் அண்ணி.

சாவியை எடுத்தாள். லேப்டாப்பை இருந்த இடத்திலேயே வைத்தாள். அண்ணி அன்று எக்ஸிட் அடிக்கவில்லை. மூடியைத் திறந்தபடியே விட்டு, பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். மறுநாள் பூட்டக்கா தன் வீட்டிலிருந்த யுபிஎஸ்ஸைக் கழற்றிக் கொண்டுபோய் அங்கே மாட்டிவிட்டு வந்தாள்.

ஒரே ஒரு கட்டளையில் அவளால் அந்த இணைப்பை அறுத்துவிட முடியும். வேறு யாராவது இப்படி ஒன்றை விட்டுவைத்திருந்தால் தோலை உரித்திருப்பாள். இப்போதும் சாயங்காலமானால் பயந்துகொண்டேதான் பார்க்கிறாள், அந்தப் பெயர் இல்லாமல் போயிருக்குமோ என்று.

மேலாளர் ஒரு நாள் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். "சாவியை எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே. உங்க அண்ணன் பேர் இன்னும் உள்ள இருக்கே?"

"எடுத்துட்டேன் சார்," என்றாள். "அவங்க இன்னும் சொல்லிக்கல."