மகளின் கழுத்தில் ஈயச் சில்லு

இங்கிலாந்தில் இருக்கும் என் கணவரின் அண்ணைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கையில் ஒரு கருவியோடு வயல் வயலாக உலோகம் தேடித் திரிவதுதான் பொழுதுபோக்கு. அப்படி அகப்பட்ட ஒன்றை எங்கள் மகளின் ஞானஸ்நானத்துக்கு அனுப்பியிருந்தார். கோட்டுப் பொத்தானை விடச் சற்றுப் பெரிய, நடுவில் ஓட்டையுள்ள சாம்பல் நிறச் சில்லு. ஓட்டையைச் சுற்றிப் புடைத்த கோடுகள், இடையிடையே குட்டிப் புள்ளிகள். இடைக்காலத்துப் பெண்கள் நூல் நூற்கையில் தக்களி சீராகச் சுழல அதில் செருகிய பாரம் என்று அட்டையில் எழுதியிருந்தார்.

அட்டையை நான் வாசித்தேன். இவர் சில்லை மட்டும் பார்த்தார். மன்னார்க்காரருக்கு இரண்டு கோடு குறுக்கே போனால் போதும், அது சிலுவை. புள்ளிகள் செபமாலை மணிகளாம். ஞானஸ்நானம் கொடுத்த சுவாமியாரிடம் கொடுத்து மந்திரித்து, கறுத்த நூலில் கோத்துப் பிள்ளையின் கழுத்தில் கட்டிவிட்டார். பிரெஞ்சு பேசும் இந்த ஊரின் டவுன்டவுன் ஹோட்டலில் கட்டில் கட்டிலாக விரிப்பு மாற்றி இடுப்பு விட்டுப்போய் வருகிற எனக்கு, அதற்கும் சண்டை பிடிக்கத் தெம்பில்லை. பல் முளைக்கிற பிள்ளை அதைச் சப்பிக்கொண்டே கிடந்தாள்.

அந்தக் கோலத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பினோம். அண்ணை உடனே போன் எடுத்தார்.

"அதை ஏன் பிள்ளைக்குப் போட்டனீங்கள்? அது ஈயம்."

ஈயமென்றால் என்ன, என்று இவர் வாதாடினார். கடற்கரையில் பிறந்தவர். சின்ன வயதில் ஈயத்தைப் பல்லால் கடித்து நெரித்து மீன் வலையில் பாரமாகப் பூட்டியவர்களாம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். நான் நூலை அறுத்தேன்.

செயின்ட்-மிஷேல் கிளினிக்கில் பிள்ளையின் கையில் இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை வேலைக்குப் போனேன், வந்தேன், சமைத்தேன். அந்தச் சில்லுக்குச் சொந்தக்காரியை நினைத்துக்கொண்டேன். அவளும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டுதான் நூற்றிருப்பாள், அதுவும் எட்டியதையெல்லாம் வாயில் வைத்திருக்கும். பாவம், அவளுக்குப் போன் எடுத்துச் சொல்ல ஒரு மைத்துனர் இருக்கவில்லை.

முடிவு சொல்ல எங்களைக் கூப்பிட்டார்கள். அளவு கொஞ்சம் கூடத்தான், ஆனால் இறங்கிவிடும், பயப்பட வேண்டாம் என்றாள் நர்ஸ். எனக்கு அழுகை வந்தது. ஈயம் குழந்தைகளின் மூளையைத்தான் பிடிக்கும், நெடுநாள் சப்பியிருந்தால் பேச்சே பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றும் விளக்கினாள். எங்கள் வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவள் நான் ஒருத்திதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையும் இவருக்குத் தமிழில் சொல்லி முடித்தேன்.

இவர் பிள்ளைக்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"எங்கட கடைசித் தம்பி வலைக்குள்ளதான் தவழ்ந்தவன். சாகும்வரைக்கும் அவனுக்குக் கதை வரேல்லை, ஒரு சொல்கூட. அம்மா அது தான் செய்த பாவமெண்டு அழுதழுதே போய்ச் சேர்ந்தவ," என்றார். "அது ஈயத்தாலயோ எண்டு கேளும்."

கேட்டேன். இருக்கலாம், ஆனால் இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள் நர்ஸ். இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.