முதலுதவி அறையின் ஆறு முகங்கள்

ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலை. அதன் முதலுதவி அறையில் பூர்ணிமா நர்ஸ். லைனில் பாதிப் பேர் ஒடிசா, பீகார்க்காரர்கள். வலி எவ்வளவு என்று கேட்டால் ஆளுக்கொரு பாஷையில் சொல்வார்கள். அதற்காகவே சுவரில் ஒரு படம் இருந்தது. சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகத்தில் முடியும் ஆறு முகங்கள். வலிக்கு ஏற்ற முகத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டி அது ஊறிப்போனது. புதிது கேட்டு எழுதிப் போட்டாள், வரவில்லை. தானே மார்க்கரை எடுத்தாள்.

முதல் மூன்று முகங்கள் சுலபமாக வந்துவிட்டன. நான்காவது தூங்கி வழிந்தது. ஐந்தாவது தும்மப் போகிறவன் மாதிரி இருந்தது. ஆறாவதைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். பேக்கிங்கில் வேலை செய்யும் சௌந்தர்யா மாத்திரைக்கு வந்தவள், அதைப் பார்த்ததில் தலைவலியே போய்விட்டதென்று திரும்பிப் போனாள்.

பூர்ணிமாவுக்கு ரோஷம் வந்தது. கண்ணாடி முன் நின்று கையைக் கிள்ளிப் பார்த்தாள். முகத்தில் கோபம்தான் தெரிந்தது.

அந்த வாரம் திருநெல்வேலிக்கார இசக்கி, தகடு கிழித்த கட்டைவிரலோடு வந்தான். டிஞ்சர் பட்டதும் அவன் புருவங்களின் உள்முனைகள் மேலேறி நடுவில் முட்டிக்கொண்டன. இத்தனை நாளும் வாயையே மாற்றி மாற்றி வரைந்தவளுக்கு, விஷயம் புருவத்தில் இருப்பது அப்போதுதான் பிடிபட்டது. பஞ்சை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு மார்க்கரைத் தேடினாள்.

"வெரல மொதல்ல கட்டுங்க சிஸ்டர். படத்தப் பெறவு போடலாம்லா," என்றான் இசக்கி.

புதுப் படத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஒரு நாள் சூப்பர்வைசர் அந்தோணிராஜ் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். எவ்வளவு வலி என்றதற்கு இரண்டாவது முகத்தைத் தொட்டார்.

"லைட்டாத்தான் கீது சிஸ்டர். ஒரு மாத்திர குடு, லைன் நின்னுடும்."

பூர்ணிமா கண்ணாடியை நீட்டினாள். அவர் அதையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியே அச்சு அசலாக ஐந்தாவது முகம். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கம்பெனி வேனிலேயே ஸ்ரீபெரும்புதூர் பல் டாக்டரிடம் அனுப்பினாள். கடைவாய்ப் பல் சீழ் பிடித்திருந்தது; பிடுங்கினார்கள்.

இரண்டு நாள் கழித்து அவர் திரும்பி வந்து, படத்தைக் கழற்றச் சொன்னார். லைன் பையன்கள் ஐந்தாவது முகத்துக்கு 'குட்மார்னிங் சார்' சொல்கிறார்களாம். நன்றாக அமைந்த முகமே அது ஒன்றுதான், கழற்ற மாட்டேன் என்றாள். அவர் ரொம்பவும் கெஞ்சியதால் அதன் நெற்றியில் ஒரு பொட்டு மட்டும் வைத்தாள்.

அந்தோணிராஜ் தள்ளி நின்று பார்த்தார். இப்போது தன் சம்சாரம் மாதிரி இருக்கிறதென்று சொல்லிவிட்டு, நிம்மதியாக லைனுக்குப் போனார்.