மூன்றாம் வரிசையைத் தாண்டாத குரல்

பெரினா விதோஷிச் நன்றாகவே பாடுவார். எங்கள் கடற்கரை ஊரான ஸ்ப்ளிட்டின் இசைநாடக அரங்கில் சேர்ந்திசைக் குழுவுக்கு ஆள் எடுத்தபோது அவரும் போய்ப் பாடினார். இசை நடத்துநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “சுருதி சுத்தம்மா. ஆனா உங்க குரல் மூணாவது வரிசையைத் தாண்டாது.” பெரினா கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். “நில்லுங்க, நில்லுங்க! மூணாவது வரிசையைத் தாண்டவே கூடாத வேலை ஒண்ணு இருக்கு.”

அதுதான் அடியெடுத்துக் கொடுக்கும் வேலை. மேடையின் முன்விளிம்பில், பாதி தரைக்குள் புதைந்த ஒரு பெட்டி. பார்க்க வந்தவர்களுக்கு அதன் முதுகுதான் தெரியும். உள்ளே உட்கார்ந்து, பாடுபவர் வாய் திறப்பதற்கு அரைத் தாளம் முன்னால் அடுத்த வரியின் முதல் சொல்லைக் கிசுகிசுக்க வேண்டும். முந்தினால் குழப்பம், பிந்தினால் மானக்கேடு. இருபத்தாறு வருஷம் பெரினா முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. எங்கள் ஊரில் பாடகிகளைச் செருப்பை வைத்து அடையாளம் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

அப்படி அவர் பார்த்த செருப்புகளில் ஒரு ஜோடி தீன்கா ஷ்கார்பாவுடையது. விஸ் தீவில் மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைக்காரரின் மகள். பத்தொன்பது வயதில் சேர்ந்திசைக் குழுவின் கடைசி வரிசை. ஒருநாள் தலைமைப் பாடகிக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, தீன்காவை முன்னால் தள்ளிவிட்டார்கள். அவளுக்கு மெட்டு முழுக்கத் தெரியும், வார்த்தை பாதிதான் தெரியும். மீதிப் பாதி பெட்டியிலிருந்து வந்தது.

அப்புறம் வியன்னா, மிலான் என்று அவள் எங்கோ போய்விட்டாள். பேட்டிகளில் தன் குரலுக்குக் காரணம் ஆசிரியர், அம்மா, தீவின் ஆட்டுப்பால் என்றாள். ஆட்டுக்குக் கிடைத்த இடம் பெரினாவுக்குக் கிடைக்கவில்லை. பெரினாவோ அந்தப் பேட்டிகளை வெட்டி ஒட்டி வைத்துக்கொண்டார். “என் பேரைச் சொன்னா அவ வரியை மறந்தவன்னு ஆயிடும். சொல்லாம விட்டாளே, அதுதான் எனக்கு மரியாதை” என்பார்.

பாட வந்து இருபத்தைந்து வருஷம் ஆனதைக் கொண்டாட தீன்கா சொந்த அரங்குக்கே பாட வந்தாள். இரண்டு நாள் ஆட்டம். முதல் நாள் காலையில் அரங்கத்து இயக்குநர் மரங்குன், பெரினாவைக் கூப்பிட்டனுப்பினார். எங்கள் பக்கம் பெண்களை மரியாதையாக ‘ஷியோரா’ என்றுதான் அழைப்பார்கள்.

“ஷியோரா பெரினா, இந்தக் காலத்துல யாரு பெட்டி வெச்சிருக்கா? மேடையை மறைக்குது. இந்த ரெண்டு நாள் முடிஞ்சதும் எடுத்துடறோம்.”

“என்னையுமா?”

“சேச்சே! உங்களுக்கு, வர்றவங்க கோட்டை வாங்கி மாட்டற இடத்துல ஒரு நாற்காலி.”

“அங்க என்னத்தை எடுத்துக் குடுக்கறது?”

“கோட்டைத்தான்.”

பெரினா இதைத் தீன்காவிடம் சொல்லவில்லை. பாடப் போகிறவள் தலையில் கோட்டை ஏற்றக்கூடாது.

அன்றைய நாடகம் ஒரு கப்பல் தலைவனின் மனைவியைப் பற்றியது. எங்கள் மொழிதான், ஆனால் புத்தக மொழி. அதில் அழகு என்பதற்கு ‘லி-யெ-ப்போ’. மூன்று அசை, மூன்று சுரம். எங்கள் கடற்கரையில் அப்படி யார் சொல்கிறார்கள்? இங்கே ‘லிப்போ’, இரண்டே அசை. வீட்டில் லிப்போ, வெளியே போகும்போது தலைசீவிக்கொண்டு லியெப்போ.

மூன்றாம் அங்கம். தூரத்தில் பாய்மரம் தெரிகிறது. பல வருஷமாக இத்தாலியனும் ஜெர்மனும் புழங்கிய வாயில் சொந்த மொழி சிக்கிக்கொண்டது. தீன்காவின் இடது கட்டைவிரல் மோதிரத்தைத் தேடியது. மறந்துவிட்டாள் என்று அதற்கு அர்த்தம். அது பெரினாவுக்கு மட்டும் தெரியும். ஆனால் நாளையோடு பெட்டி போகிறதே என்று பெரினாவின் கண்ணில் தண்ணீர். தாளில் எழுத்து தெரியவில்லை. வாயிலிருந்து வந்தது வீட்டுச் சொல்: “லிப்போ.”

தீன்கா அதை அப்படியே வாங்கிக்கொண்டாள். சுரம் மூன்று, அசை இரண்டு. நடத்துநரின் கோல் அந்தரத்தில் நின்றது. அவள் முதல் அசையை இரண்டு சுரத்துக்கும் இழுத்து, கடைசியை மெல்ல இறக்கி வைத்தாள். இருமியே பாடகர்களை ஊருக்கு அனுப்பிய மேல்மாடிக் கூட்டத்திலிருந்து ஒரு கிழவியின் குரல்:

“அடியே, இது எங்க வீட்டுச் சொல்லுடி!”

அவ்வளவுதான். அந்த அங்கம் முடியும்வரை தீன்கா ஒவ்வொரு புத்தகச் சொல்லையும் வீட்டுச் சொல்லாக மாற்றிக்கொண்டே போனாள். பெரினா தாளை மூடிவிட்டு, அரைத் தாளம் முன்னால் மாற்றி மாற்றிக் கொடுத்தார்.

கைதட்டல் ஓயவில்லை. தீன்கா பெட்டிமுன் மண்டியிட்டுக் கையை நீட்டினாள்.

“முடிஞ்சுபோச்சுடி, போ!” என்று கிசுகிசுத்தார் பெரினா.

“கையைக் குடுடி கழுதை” என்றாள் தீன்கா.

பெட்டியிலிருந்து மைக்கறை படிந்த ஒரு கை வெளியே வந்தது. ஊரே எழுந்து நின்று அந்தக் கைக்குத் தட்டியது.

மேடைக்குப் பின்னால் பெரினா, எல்லாவற்றையும் கெடுத்துவிட்டதாக அழுதபடி கோட்டு விஷயத்தையும் தீன்காவிடம் உளறிவிட்டார். சிவந்த முகத்தோடு மரங்குன் வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் தலைநகர் ஸாக்ரெபிலிருந்து வந்திருந்த விமரிசகர் பாய்ந்து வந்தார். “என்ன துணிச்சல்! யாரோட யோசனை இது?”

மரங்குன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “நிர்வாகத்தோடது.”

“ரொம்ப நல்லது,” என்றாள் தீன்கா. “நாளைக்கும் ஆட்டம் இருக்கே. நீங்களே பெட்டில உக்காந்து எடுத்துக் குடுங்க.”

“ஏம்மா, அதுக்குத்தான் ஷியோரா பெரினா இருக்காங்களே...”

“அவங்க கோட்டு மாட்டப் போறாங்களாமே?”

விமரிசகரின் பேனா காத்திருந்தது.

“யாரு சொன்னா? பெட்டியும் இருக்கும், அவங்களும் இருப்பாங்க.” மரங்குன் பெரினா பக்கம் திரும்பினார். “உள்ள ஏதாவது வேணும்னா சொல்லுங்க.”

“பின்பலகையில விரிசல். இருபத்தாறு வருஷமா முழங்கால்ல காத்து அடிக்குது.”

மரங்குனின் முகம் வெளுத்தது. எங்கள் நாட்டில் யாரையும் எதையும் செய்யலாம்; இடுக்கில் காற்றடிக்கும் இடத்தில் மட்டும் உட்காரவைக்கக் கூடாது, சகல நோயும் அதில்தான் வருகிறது என்பார்கள். “கடவுளே! முன்னாடியே சொல்லக்கூடாதா?”

“மூணாவது வரிசை வரைக்கும் சொல்லிக்கிட்டுதான் இருந்தேன்.”

பெரினா அந்தப் பெட்டியில் இன்னும் ஒன்பது வருஷம் இருந்தார். அந்த ஒன்பது வருஷமும் நாங்கள் கேட்ட நல்ல பாட்டுக்கெல்லாம் பாதி நன்றி தரைக்குக் கீழே போய்ச் சேர வேண்டும். அந்த விரிசலை அடைக்கத் தச்சர் மறுநாள் காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார். அதற்கு முன்போ பின்போ அவர் சொன்ன நேரத்துக்கு வந்ததாக அரங்கத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை.