இருபது என்று பொறித்த இரண்டரை ராத்தல்

1. பெட்டி வந்த நாள்

சுங்கச் சாவடியில் இருபத்தாறு வருஷம் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவன் நான். போடிநாயக்கனூரிலிருந்து மலையேறுகிற பாதையில், சமஸ்தானத்து எல்லை தொடங்கும் இடத்தில் எங்கள் சாவடி இருந்தது. மேலே போகிற சாமானும் கீழே வருகிற ஏலக்காயும் எங்கள் கை பட்டுத்தான் நகரும். இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்கள், பழைய அனுபவம் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். கடத்தல்காரனைப் பிடித்த கதைகளை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் பிடிக்கக் கூடாததைப் பிடித்த கதையைச் சொல்கிறேன். நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் வேலை என்னவென்றால், வருகிற ஒவ்வொரு சாமானையும் தீர்வைப் புத்தகத்தில் ஒரு வகுப்பில் சேர்க்க வேண்டும். யந்திரமும் அதன் உறுப்புகளும் ஒரு வகுப்பு. அதற்குத் தீர்வை இல்லை. கருவிகள் இன்னொரு வகுப்பு, தீர்வை உண்டு. தராசும் எடைக்கல்லும் தனி. சர்க்கார் முத்திரை இல்லாத எடைக்கல்லை உள்ளே விடவே கூடாது, பிடித்து வைத்து மேலிடத்துக்கு எழுத வேண்டும்.

மூன்றாவது வகுப்பில் நான் புலி. ஏலச் சரக்கு நடமாடும் பாதையில் கள்ள எடைக்கல்லும் கூடவே நடமாடும். அடியில் குடைந்து ஈயம் ஊற்றியது, ஓரம் சீவியது, எதுவானாலும் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தக் கர்வம்தான் என்னைக் கெடுத்தது.

புதுமழை விழுந்த சமயம். அம்மையநாயக்கனூர் ரயிலடியிலிருந்து வண்டியில் வந்து, போடியில் இறங்கி, கோவேறு கழுதை முதுகில் ஏறி ஒரு சீமைப் பெட்டி சாவடிக்கு வந்தது. மலைமேல் இருந்த ஒரு தேயிலை பாக்டரிக்கு. கூட வந்த காகிதத்தில் 'சோதனைச் சாமான், எடைகளுடன்' என்று மட்டும் இருந்தது. திறந்தேன். ஒரு பித்தளைக் குழாய், சுண்டுவிரல் கனத்தில் ஒரு தண்டு, ஒரு திருகு பம்பு, வட்ட வட்டமாக இரும்பு வில்லைகள். ஒரு வில்லையில் 20 என்று பொறித்திருந்தது. தூக்கினேன். கை லேசாக மேலே போனது.

சாவடித் தராசில் வைத்தேன். இரண்டரை ராத்தல். சர்க்கார் முத்திரையும் இல்லை.

'கள்ள எடைக்கற்கள்' என்று பதிவேட்டில் எழுதி, பெட்டிக்கு அரக்கு வைத்து, மேலிடத்துக்கு ரிப்போர்ட்டும் அனுப்பிவிட்டேன். அன்றைக்கு மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

2. சீனிச்சாமி

நாலாம் நாள் அந்த பாக்டரியில் யந்திரம் பார்க்கிற பிட்டர் இறங்கி வந்தான். சீனிச்சாமி என்று பெயர், தேவாரத்துக்காரன். சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை. நான் எழுதியதைக் கேட்டதும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

"ஐயா, இருவதுன்னு பொறிச்சு ரெண்டர ராத்தல் கல்ல வச்சு எவனாச்சும் ஏமாத்துவானா? கண்ணு தெரியாதவன்கூடத் தூக்கிப் பாத்தா கண்டுக்கிருவானே. இது ஏலம் நிறுக்குற கல்லு இல்லய்யா. பாய்லர்ல ஆவி அழுத்தம் காட்டுற கேஜச் சோதிக்கிற சாமான்."

"எப்படி?"

"குழாய்ல எண்ணெய ஊத்தி, அந்தத் தண்டு மேல இந்த வில்லைய வைக்கணும். தண்டு ஒல்லியா இருக்குறதால எண்ணெயில சதுர அங்குலத்துக்கு இருவது ராத்தல் அழுத்தம் வரும். கேஜ் முள்ளும் இருவதுல நிக்கணும். நிக்கலன்னா கேஜு பொய் சொல்லுதுன்னு அர்த்தம். பெட்டியத் தெறங்கய்யா, இப்பவே செஞ்சு காட்றேன்."

அவன் சொன்னது எனக்குப் புரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், முழுக்கப் புரிந்தது. அது யந்திர வகுப்பில் போக வேண்டிய சாமான் என்பதும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆனால் அரக்கு வைத்தாகிவிட்டது, ரிப்போர்ட் போய்விட்டது. உள்ளே போய் சூப்பிரண்டிடம் கேட்டேன். அவர் தெற்குச் சீமைக்காரர், மலையாளம் கலந்துதான் பேசுவார்.

"எழுதியாச்சில்லே? இனி மேலேருந்து உத்தரவு வரட்டே. நீயே எழுதி நீயே மாத்தினா நம்மளப் பத்தி அவங்க எந்து விசாரிக்கும்?" மேலிடம் என்ன நினைக்குமோ என்பதுதான் அவர் கவலை.

வெளியே வந்து, "உத்தரவு வரட்டும்ப்பா" என்றேன்.

சீனிச்சாமி எழுந்திருக்கவில்லை. "எங்க பாய்லர்ல முள்ளு அறுவதுக்கு மேல நகரவே மாட்டேங்குது. ஆனா சத்தம் வேற மாதிரி வருது. மிஞ்சுன ஆவிய வெளிய விடுற வால்வயும் அந்தக் கேஜப் பாத்துத்தான் திருகி வச்சிருக்கு. சோதிக்காம நெருப்புப் போட மாட்டேன்னு தொரகிட்டச் சொல்லிட்டேன். கொழுந்து வந்து குவியுது, ஒரு வாரம் பாப்பேன், அப்பறம் வேற ஆளுன்னு சொல்லிட்டாரு. பொண்டாட்டியும் ரெண்டு பொம்பளப் பிள்ளைகளும் பாக்டரி குடுத்த லயத்து வீட்லதான் இருக்காக. வெரசா ஒரு வழி பண்ணுங்கய்யா."

பெட்டி எங்கள் இருவருக்கும் நடுவில்தான் இருந்தது. அரக்கைப் பிரிக்க ஒரு கத்தி போதும்.

"உத்தரவு வரட்டும்ப்பா" என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

3. அறுபத்திரண்டு

உத்தரவு வர ஒன்றரை மாதம் ஆனது. 'யந்திர உறுப்பு, தீர்வை இல்லை, உடனே விடவும்' என்று ஒரே வரி. என்னை ஒரு வார்த்தை கண்டித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

மனசு கேட்காமல் பெட்டியோடு நானும் மலையேறினேன். பாக்டரியில் பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது. நெருப்புப் போடுகிறவன் புது ஆள், சீனிச்சாமி இல்லை. துரை அனலை இறக்கச் சொல்லி, கேஜைக் கழற்றிக் குழாயில் மாட்டினார். இருபது வைத்தார், முள் இருபது காட்டியது. நாற்பதுக்கு நாற்பது. அறுபதுக்கு அறுபது. இன்னும் ஒரு வில்லை ஏற்றினார். எண்பது காட்ட வேண்டிய முள் அறுபத்திரண்டில் நின்றுவிட்டது. இன்னொன்று ஏற்றியும் அசையவில்லை.

துரையின் முகம் வெளுத்துவிட்டது. அத்தனை நாளும் அந்த பாய்லர் எந்த அழுத்தத்தில் ஓடியது என்று யாருக்கும் தெரியாது, எந்த நிமிஷமும் வெடித்திருக்கலாம். அதன் வாயில் நின்று விறகு தள்ளியவன் இதொன்றும் தெரியாமல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

"முதலிலேயே சொன்ன பிட்டர் எங்கே?" என்று கேட்டேன்.

"அவன் போயாச்சு. உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவன்."

அதே வார்த்தையைச் சர்ட்டிபிகேட்டிலும் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அப்படி ஒரு காகிதம் வைத்திருப்பவனை எந்த பாக்டரியிலும் சேர்க்க மாட்டார்கள். சொன்னது சரியாகிவிட்டதே, அதை மாற்றி எழுதுங்கள் என்று துரையிடம் மன்றாடினேன். எழுதியது எழுதியதுதான் என்றார். அந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை.

4. போடியில்

அடுத்த சந்தை நாளில் சீனிச்சாமியைப் போடியில் ஓர் ஏலக் கிட்டங்கி வாசலில் பார்த்தேன். மூட்டை சுமந்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் மூட்டையை இறக்கி வைத்தான். நான் வாயெடுப்பதற்குள் அவனே கேட்டான்.

"முள்ளு எங்கய்யா நின்னுச்சு?"

"அறுபத்திரண்டில்."

தலையை ஆட்டிக்கொண்டான். "நெருப்புப் போடுறவனுக்கு ஒண்ணும் ஆகலயே?"

"இல்லை. புது கேஜ் மாட்டியாச்சு."

"அப்பச் சரி."

"சீனிச்சாமி, நடந்ததெல்லாம் என் தப்புதான் என்று நான் கைப்பட எழுதித் தருகிறேன். வேறு பாக்டரியில் கொண்டுபோய்க் காட்டு" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இந்தக் கதையை நான் என்றோ மறந்திருப்பேன். குனிந்து மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு, "நீங்க எழுதினது போதும்யா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். புத்தகத்தில் இல்லாத சாமான் வந்தால், தெரிந்த வகுப்பு எதிலாவது அதைத் திணிக்காதீர்கள். வகுப்பு தெரியவில்லை என்று எழுதுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அந்தச் சாமானை வைத்து வேலை செய்கிறவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள். நான் கூப்பிடவில்லை. அவனே மலையிறங்கி வந்து சொன்னான், அப்போதும் நான் அரக்கைப் பிரிக்கவில்லை.