எல்லம்மா கேட்டு வாங்கிய படித்துறை

எல்லம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் எழுத என்னைத்தான் கூப்பிடுவார். இரண்டு வருடத்தில் ஒரே விஷயத்துக்காகப் பதினோரு மனு எழுதிக் கொடுத்தேன். நான் அலுத்துக்கொள்ளும்போதெல்லாம், "எழுது தனக்கோடி, குடுக்காம எங்க போயிடுவாங்க?" என்பார்.

பழவேற்காடு ஏரியில் எங்கள் ஊர்ப் பெண்கள் படகு, வலை எதுவும் இல்லாமல், சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். இறங்குகிற கரை முழுக்கச் சிப்பி ஓடு, பிளேடு மாதிரி. எல்லம்மாவின் நாத்தனார் இந்திராணிக்கு அது காலைக் கிழித்து, சீழ் வைத்து, பொன்னேரி ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். அதோடு அவர் ஏரிப் பக்கமே வருவதில்லை. ஒரு சிமெண்ட் படித்துறை இருந்தால் போதும். ஊராட்சியைக் கேட்டால் கையை விரித்தார்கள். மத்திய அரசின் மீனவர் திட்டம் ஒன்றுதான் வழி.

ஒருவழியாக ஆய்வுக்கு டெல்லியிலிருந்து ஹரிஹரன் என்கிற அதிகாரி வந்தார். தமிழர்தான். அவர் வந்த நேரம் தண்ணீர் வடிந்து எல்லாரும் ஏரிக்குள் இருந்தார்கள். கரையில் நின்றபடி, "உங்களுக்குப் படித்துறை வேணுமா?" என்று கத்திக் கேட்டார். இருபது பெண்களில் ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. 'மக்களிடம் ஆர்வம் இல்லை' என்று எழுதிக்கொண்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார். பக்கத்தில் நின்ற நான், அவர்கள் வாய் திறக்காததற்குக் காரணம் இருக்கிறது என்று கெஞ்சினேன். பார்த்ததைத்தானே எழுத முடியும் என்றார்.

எல்லம்மா தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து வழியை மறித்தார்.

"இன்னும் நீங்க ஒண்ணுமே பாக்கல சார். பேண்ட்ட மடிச்சிக்கினு இறங்குங்க."

நல்ல மனுஷன், இறங்கினார். இரண்டு கையையும் சேற்றுக்குள் விடச் சொன்னார் எல்லம்மா. பிறகு தன் பறியை, அதாவது இறால் போடும் ஓலைக் கூடையை, அலசி அவர் பல்லில் கொடுத்துக் கவ்வச் சொன்னார். இரண்டு கையும் சேற்றில் இருந்தால் கூடையை வேறு எதால் பிடிப்பது? எங்கள் பெண்கள் வேலை செய்வதே அப்படித்தான்.

"பறி விழுந்தா இறால் போயிடும், கெட்டியா புடிங்க. இப்ப சொல்லுங்க சார், படித்துறை வேணுமா, வேணாமா?"

"ம்ம்… ம்ம்…" என்றார் அதிகாரி. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். கரையேறும்போது ஓடு அவர் காலையும் கீறியது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். எட்டாவது மாதம் பணம் வந்து வேலை தொடங்கியது.

திறப்பு விழா பகல் பதினோரு மணிக்கு. ஆனால் தண்ணீர் எட்டு மணிக்கே வடிந்து, இறால் பிடிக்கிற நேரம் வந்துவிட்டது. கட்டியிருந்த ரிப்பனை எல்லம்மா ஒரு கையால் தூக்கிப் பிடித்தார்.

"குனிஞ்சி வா இந்திராணி."

"பெரிய மனுசங்க வராங்களே அண்ணி, விழா முடியட்டும்."

"அவுங்களா வந்து இறால் புடிக்கப் போறாங்க? வா."

இந்திராணி ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்த்தே இறங்கினார். கடைசிப் படியில் கொஞ்ச நேரம் நின்றார். இந்திராணி அந்த இரண்டு விரல் போன காலைத்தான் முதலில் எடுத்து ஏரிக்குள் வைத்தார்.