அம்புரோஸின் கையில் ஏறாத டிகிரி

காசிமேட்டில் எட்டு குளிர் அறை வைத்திருக்கிறேன். ஐஸ் கட்டி சுமந்து மேலே வந்தவன் நான். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்தே மீன் எப்போது பிடித்தது என்று சொல்லிவிடுவேன். அதில் என்னை மிஞ்ச இன்றைக்கும் இங்கே ஆள் கிடையாது. ஆனால் இப்போது எழுதுவது அம்புரோஸைப் பற்றி.

அம்புரோஸ் திருவொற்றியூர்க்காரன், வயது ஐம்பத்திரண்டு. எலக்ட்ரீஷியன் என்றால் கோபம் வரும். "மீட்டர் வேலைக்காரன்னு சொல்லு நைனா" என்பான். தலைமுடி மாதிரி இருக்கும் ஒயரைக்கூடக் கண்ணாடி போடாமல் பற்றவைப்பான். பெண்டாட்டி போன பிறகு இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தது அந்தப் பத்து விரல்கள்தான். வேறு எந்தச் சொத்தும் அவனுக்கு இல்லை.

போன வருஷம், எங்களிடம் இறால் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் புதிதாக ஒன்று கேட்டார்கள். ஒவ்வொரு அறையின் குளிரும் நிமிஷத்துக்கு நிமிஷம் கம்ப்யூட்டரில் பதிவாக வேண்டுமாம். அம்புரோஸைக் கூப்பிட்டேன். எட்டு சென்சாரும் ஒரு சின்னப் பெட்டியும் வாங்கி வந்தான். எட்டும் ஒரே கேபிளில் தொங்கும். கேபிள் பெட்டிக்குப் போகும், பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு. ஒவ்வொரு சென்சாருக்குள்ளும் ஒரு நம்பர் உண்டு. திரையில் அது தெரியும், சென்சாரின் மேல் எழுதியிருக்காது. எது எந்த நம்பர் என்று கண்டுபிடிக்க, ஒவ்வொன்றாகக் கைக்குள் பொத்திப் பிடிக்க வேண்டும். உடம்புச் சூட்டில் எந்த நம்பருக்கு நேரே டிகிரி ஏறுகிறதோ, அதுதான் அது.

ஏசி போட்ட ஆபீஸில் அம்புரோஸ் முதல் சென்சாரைப் பிடித்தான். ஆபீஸ் வேலை பார்க்கும் சாபிரா திரையைப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஏறலயேண்ணே. எல்லாம் இருபத்தஞ்சுலயே கீது."

இரண்டாவதைப் பிடித்தான், மூன்றாவதையும் பிடித்தான். அப்படியேதான்.

"கடக்காரன் கலீஜ் சரக்கு குட்த்துட்டான் நைனா."

"இங்க குடு" என்று அதையே வாங்கி நான் பிடித்தேன்.

"முப்பத்திநாலு சார்!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியாடா, எழுவது வயசுலயும் இன்னா சூடு! உன்னுது இன்னா, பொணத்துக் கையா?"

சாபிரா சிரித்தாள். அவனும் சிரித்தான். "காலைலேர்ந்து ஐஸ் ரூம்ல நின்னுகினு இருந்தேன், அதான்" என்று கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான். அன்று காலை அவன் எந்த அறைக்குள்ளும் போகவில்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கவில்லை. எட்டையும் நானே பிடித்துக் காட்ட, அவன் நம்பர் எழுதி டேப் ஒட்டினான்.

பிறகு பன்னிரண்டு நாள், மைனஸ் பதினெட்டில் கேபிள் இழுத்தான். கையுறை போட்டால் திருகாணி பிடிபடாது என்று வெறுங்கையோடு.

"அவரு வெரலு நீலமா கீது சார்" என்றாள் சாபிரா.

"வெளிநாட்டுக்காரங்க வந்து பாக்க நாலு நாள்தான் கீது. முடிச்சிட்டு டாக்டராண்ட போவட்டும்" என்றேன்.

வந்தவர்கள் ஒரு குறை சொல்லவில்லை. அந்த வாரமே அம்புரோஸை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பீடியும் குளிரும் சேர்ந்து, விரலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் வெகுநாளாகவே அடைத்துக்கொண்டு வந்திருக்கின்றன. அன்றைக்கு அந்த மூன்று சென்சாரும் சரியாகத்தான் சொல்லியிருக்கின்றன. வலது கையில் நாலு விரலை எடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர்.

போய்ப் பார்த்தேன். "எத்தினி நாளாடா மரத்துப்போயி கீது?"

"ரெண்டு வருசமா நைனா."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே டாக்டராண்ட இட்டுனு போயிருப்பனே!"

அவன் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இட்டுனு போயிருப்ப. வேல குட்த்திருப்பியா?"

எடைபோடும் திருமலைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது, மறுநாளே வேறு ஆளைப் போட்டவன் நான். அம்புரோஸ் அன்று அங்கேதான் மீட்டர் மாட்டிக்கொண்டிருந்தான். கொடுத்திருப்பேன் என்று சொல்ல வாய் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொல்ல என்னால் முடியவில்லை.